பரிந்துரைக்குக் கமிஷன்: பாலராமபுரம் நெசவாளரின் இணையக் கடைக்கு ஒரு கணக்குப் பாடம்

கைத்தறிப் புடவை ஒன்றின் விலை, நெய்தவரிடமிருந்து உடுத்துபவரைச் சென்றடைவதற்குள் பல பங்குகளாகப் பிரிந்துவிடுகிறது. நூலுக்கு ஒரு பங்கு, கசவுக்கு ஒரு பங்கு, மொத்த வியாபாரிக்கு ஒரு பங்கு, கடைக்காரருக்கு ஒரு பங்கு எனப் பிரித்துக் கொடுத்தபின் எஞ்சுவதே தறியில் அமர்ந்தவரின் கூலி. இடையிலுள்ள பங்குகளைக் குறைத்துக்கொள்ளலாம் என்னும் நம்பிக்கையில்தான் இன்று நெசவாளர் குடும்பங்களும் சிறு சங்கங்களும் சொந்தமாக இணையக் கடை தொடங்குகின்றன.

ஆயினும் கடையைத் திறந்த மாத்திரத்தில் வாங்குவோர் வந்துவிடுவதில்லை. விளம்பரத்திற்கு முன்பணம் வேண்டும். அப்பணம் விற்பனையாகத் திரும்பி வரும் என்னும் உறுதியும் இல்லை. இந்நிலையில் பலரும் நாடும் வழி, ஆங்கிலத்தில் ‘அஃபிலியேட் மார்க்கெட்டிங்’ எனப்படும் பரிந்துரை விற்பனை. பொருளைப் பிறருக்கு எடுத்துச் சொல்பவருக்கு, விற்பனை நடந்தபின் மட்டும் கமிஷன் கொடுத்தால் போதும் என்பது இதன் கவர்ச்சி. முன்பணம் வேண்டாம் என்பது உண்மையே. ஆனால் அந்தக் கமிஷன் யாருடைய பங்கிலிருந்து செல்கிறது? இக்கேள்விக்குக் காகிதத்தில் விடை கண்டபின் இறங்குவோருக்கு இம்முறை நன்மை தரும். கணக்கிடாமல் இறங்கினால், பழைய இடைத்தரகர் சென்ற இடத்தில் புதிய இடைத்தரகர் வந்து அமர்வார். கூலி மட்டும் உயராது. பாலராமபுரத்து நெசவுத் தொழிலை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊரும் தொழிலும்

திருவனந்தபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரை வழியாகக் களியக்காவிளை செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது பாலராமபுரம். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட அவிட்டம் திருநாள் பாலராமவர்மாவின் பெயரால் அமைந்த ஊர் இது. அவர் காலத்தில் திவானாக இருந்த உம்மிணித் தம்பி இதனை வணிக ஊராக வளர்த்தார் என்பது வரலாறு. அரண்மனைக்கு வேண்டிய நுண்ணிய துணிகளை நெய்வதற்காகத் தமிழ் பேசும் சாலியர் குடும்பங்கள் தெற்கிலிருந்து அழைத்துவரப்பட்டு இங்குக் குடியமர்த்தப்பட்டன. சாலியர் தெருக்கள் இன்றும் ஊரின் நடுவே உள்ளன. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தபோது நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. அதனால்தான் நெய்யாற்றின்கரை, பாறசாலை எல்லைப் பகுதிகளில் இன்றும் தமிழும் மலையாளமும் ஒரே கடைத் தெருவில் ஒலிக்கின்றன.

பாலராமபுரத்தின் சிறப்பு, குழித்தறியில் கையால் நாடாவை வீசி நெய்யும் பழைய முறை. பாவைத் தெருவில் நீட்டிக் கஞ்சியிட்டு உலர்த்துவதும் இவ்வூர் நெசவோடு சேர்ந்தது. வெண்மையோ இளமஞ்சள் சாயலோ கொண்ட நுண்பருத்தித் துணியின் ஓரத்தில் கசவுக் கரை அமையும். முண்டு, நேரியது, புடவை எனப் பலவாக விற்பனைக்கு வரும் இத்துணிகள், ‘பாலராமபுரம் புடவைகளும் நுண்பருத்தித் துணிகளும்’ என்னும் பெயரில் புவிசார் குறியீடும் பெற்றுள்ளன.

பெயர் இவ்வளவு பெரிதாக இருப்பதே தொழிலுக்கு ஒரு சிக்கலும் ஆகிறது. விசைத்தறியில் விரைவாக நெய்த துணி ‘கேரளக் கசவு’ என்னும் பொதுப் பெயரில் மலிவாகக் கிடைக்கிறது. திரையில் படம் பார்த்து வாங்குபவரால் இரண்டையும் வேறுபடுத்திக் காண இயலாது. எனவே துணியை அறிந்த ஒருவரின் சொல்லுக்கு இங்கு உண்மையான மதிப்புண்டு. பரிந்துரை விற்பனை இத்தொழிலுக்குப் பொருந்துவதன் காரணம் இதுவே.

பரிந்துரை விற்பனை நடக்கும் விதம்

அமெரிக்காவில் புத்தகக் கடையாகத் தொடங்கிய அமேசான் நிறுவனம் 1996-ஆம் ஆண்டு தன் ‘அசோசியேட்ஸ்’ திட்டத்தை அறிமுகப்படுத்தியது. புத்தகங்களைப் பற்றி எழுதும் இணையதளங்கள் அமேசான் பக்கத்திற்கு ஓர் இணைப்பு கொடுக்கும். அவ்விணைப்பின் வழியே வந்தவர் புத்தகம் வாங்கினால் எழுதியவருக்கு ஒரு சிறு விழுக்காடு கிடைக்கும். இன்று உலகெங்கும் நடைபெறும் பரிந்துரை விற்பனையின் அடிப்படை இதுதான்.

இதில் நான்கு படிகள் உள்ளன. முதலாவது, ஒவ்வொரு பரிந்துரையாளருக்கும் தனி இணைப்போ தனிக் கூப்பன் குறியீடோ வழங்குதல். இரண்டாவது, அதன் வழியே வந்த ஆர்டரை அவர் பெயரில் பதிவு செய்தல். மூன்றாவது, பொருளைத் திருப்பி அனுப்பும் கெடு முடியும்வரை கமிஷனை நிலுவையில் வைத்தல். நான்காவது, கெடு முடிந்தபின் கணக்குப் பார்த்துப் பணம் செலுத்துதல். பெரிய கடைகள் இதற்கென மென்பொருள் வைத்துள்ளன. பத்துப் பதினைந்து பரிந்துரையாளர் மட்டுமே உள்ள சிறு கடைக்கு, ஆளுக்கொரு கூப்பன் குறியீடும் ஒழுங்காக எழுதப்பட்ட ஒரு பேரேடும் போதுமானவை.

கமிஷன் எவ்வளவு? முதலில் லாபத்தைக் காண்க

பிற கடைகள் எவ்வளவு கொடுக்கின்றன என்று பார்த்து விழுக்காட்டை முடிவு செய்வது வழக்கமாக உள்ளது. அது சரியான முறையன்று. உடைக்கோ அழகுப் பொருளுக்கோ இருக்கும் லாப இடைவெளி கைத்தறிக்கு இல்லை. கீழ்க்காணும் எண்கள் கணக்கை விளக்குவதற்காக மட்டும் எடுத்துக்கொண்டவை. வாசகர்கள் தங்கள் தறியின் எண்களை இவ்விடத்தில் இட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இணையக் கடையில் ஒரு புடவையின் விலை, வரி நீங்கலாக, 4,000 ரூபாய் என்று கொள்வோம். செலவுகள் வருமாறு:

நூலும் கசவும்: 1,100 ரூபாய்
நெசவுக் கூலியும் துணைவேலைக் கூலியும்: 1,400 ரூபாய்
கடை நடத்தும் பொதுச் செலவு: 300 ரூபாய்
பொதி கட்டுதலும் கூரியரும்: 150 ரூபாய்
திரும்பி வரும் பொருளுக்கான ஒதுக்கீடு: 120 ரூபாய்
இணையவழிப் பணப் பரிமாற்றக் கட்டணம், 2 விழுக்காடு: 80 ரூபாய்

மொத்தச் செலவு 3,150 ரூபாய். மீதம் 850 ரூபாய்.

இதே புடவையை நகரத்துக் கடைக்கு 3,100 ரூபாய்க்கு மொத்த விலையில் கொடுப்பதாகக் கொள்வோம். அங்குக் கூரியர், திரும்பி வரும் பொருள், பரிமாற்றக் கட்டணம் ஆகியவை இல்லை. செலவு 2,800 ரூபாய். மீதம் 300 ரூபாய்.

இவ்விரு மீதங்களின் வேறுபாடு 550 ரூபாய். பரிந்துரையாளருக்குக் கொடுக்கக்கூடிய தொகையின் உச்ச எல்லை இதுவே. விலையில் இது 13.75 விழுக்காடு. இதற்கு மேல் ஒரு ரூபாய் கொடுத்தாலும், மொத்த வியாபாரிக்கே விற்றிருக்கலாம் என்றாகிவிடும். 10 விழுக்காடு கமிஷன் என்றால் 400 ரூபாய் போக 450 ரூபாய் மிஞ்சும்; மொத்த விற்பனையைவிட 150 ரூபாய் கூடுதல். 15 விழுக்காடு என்றால் 600 ரூபாய் போக 250 ரூபாய்தான் மிஞ்சும். விற்பனை பெருகியதாகத் தோன்றும். ஒவ்வொரு புடவையிலும் 50 ரூபாய் குறைந்துகொண்டிருக்கும்.

கூப்பன் தள்ளுபடியும் கமிஷனும் சேரும் இடத்தில் கூடுதல் கவனம் வேண்டும். வாங்குபவருக்கு 10 விழுக்காடு தள்ளுபடி அளித்தால் விலை 3,600 ரூபாய் ஆகும். பரிமாற்றக் கட்டணம் 72 ரூபாயாகக் குறைய, மீதம் 458 ரூபாய். இதில் பரிந்துரையாளருக்கு 10 விழுக்காடாகிய 360 ரூபாய் கொடுத்தால் கையில் நிற்பது 98 ரூபாய். 15 விழுக்காடு கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தால் 540 ரூபாய் செல்லும். ஒவ்வொரு புடவைக்கும் 82 ரூபாய் நட்டம். ஆர்டர்கள் பெருகப் பெருக நட்டமும் பெருகும் விந்தையான நிலை இது. இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்வதே நலம்: தள்ளுபடி கொடுத்தால் கமிஷனைக் குறைக்க வேண்டும், கமிஷன் கொடுத்தால் தள்ளுபடியைத் தவிர்க்க வேண்டும்.

கூலி என்னும் வரியைத் தொடலாகாது

மேற்கண்ட பட்டியலில் 1,400 ரூபாய் என்னும் வரியை மீண்டும் ஒருமுறை காண்போம். லாபம் குறையும்போது முதலில் கை வைக்கப்படும் வரி அதுவாகவே இருக்கிறது. நூல் விலையை நாம் முடிவு செய்வதில்லை. கூரியர் கட்டணத்தையும் நாம் முடிவு செய்வதில்லை. கூலியை மட்டும் பேசிக் குறைத்துவிட முடிகிறது. இதன் விளைவு உடனே தெரியாது. நெசவாளரின் மகனும் மகளும் தறியை விட்டு வேறு வேலைக்குச் செல்லும்போதுதான் தெரியும். அப்போது பரிந்துரைக்க ஆள் இருப்பார்; நெய்ய ஆள் இருக்கமாட்டார்.

ஆகவே கமிஷனை 8 விழுக்காடு என வைத்துப் பார்க்கலாம். 320 ரூபாய் போக மீதம் 530 ரூபாய். அதில் 100 ரூபாயைக் கூலியுடன் சேர்த்துக் கொடுத்தாலும் 430 ரூபாய் நிற்கும். மொத்த விற்பனையைவிட இது 130 ரூபாய் அதிகம். பரிந்துரையாளர், நெசவாளர், கடை ஆகிய மூவருக்கும் பங்கு உயரும் ஏற்பாடு இது. இணைய விற்பனையின் கூடுதல் கூலியை எழுத்தில் முன்னரே முடிவு செய்துகொள்ளும் சங்கத்தில் பின்னர் மனவேறுபாடு எழுவதில்லை.

தறியின் வேகமே விற்பனையின் எல்லை

பரிந்துரை விற்பனையில் இரண்டாவது இடர், அது மிக நன்றாக நடந்துவிடுவது. அமெரிக்காவில் 2020 ஜூன் மாதம் நிகழ்ந்ததை இங்கு நினைவுகூரலாம். இனப் பாகுபாட்டிற்கு எதிரான போராட்டங்களையடுத்து, கறுப்பின மக்கள் நடத்தும் கடைகளிலேயே பொருள் வாங்குங்கள் என்னும் வேண்டுகோள் சமூக ஊடகங்களில் பரவியது. பெரிய கடைகள் தங்கள் அடுக்குகளில் 15 விழுக்காடு இடத்தைக் கறுப்பினத்தாரின் தயாரிப்புகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று அரோரா ஜேம்ஸ் என்னும் வடிவமைப்பாளர் ஓர் இயக்கத்தை அம்மாதமே தொடங்கினார். கறுப்பினத்தாரின் சிறு புத்தகக் கடைகளுக்குச் சில நாள்களுக்குள் ஆயிரக்கணக்கான ஆர்டர்கள் குவிந்தன. கேட்ட நூல்களின் படிகள் பதிப்பகங்களிலேயே தீர்ந்துபோயின. நல்லெண்ணத்துடன் வாங்கியவர்களுள் சிலர் தாமதம் கண்டு சினம் கொண்டனர். கடைக்காரர்கள் பொறுமை காக்கும்படி வேண்டிக்கொள்ள நேர்ந்தது.

கடையை நடத்துபவர் யார் என்பதே வாங்குவதற்குக் காரணமாக அமையும் கடைகள் அனைத்திற்கும் இதில் பாடம் உண்டு. பரிந்துரை ஒரே நாளில் பல்லாயிரம் பேரைச் சென்றடையும். பொருள் தன் வேகத்தில்தான் உருவாகும். புத்தகத்தை மீண்டும் அச்சிடலாம். கைத்தறிப் புடவையை அவ்வாறு விரைவுபடுத்த இயலாது.

மூன்று நாளுக்கு ஒரு புடவை, மாதத்திற்கு 25 வேலைநாள் என்று கொண்டால் ஒரு தறியில் மாதம் 8 புடவைகள். பத்துத் தறிகளில் 80 புடவைகள். ஓணத்திற்கு முந்தைய நான்கு மாதங்களில் 320 புடவைகள். அவற்றுள் 200 புடவைகளை வழக்கமான வியாபாரிகளுக்குத் தருவதாக வாக்களித்திருந்தால் இணையக் கடைக்கு எஞ்சுவன 120. பரிந்துரையாளர்களிடம் சொல்ல வேண்டிய எண்ணும் அதுவே. 120 ஆர்டர்கள் நிறைந்தவுடன் கூப்பனை நிறுத்திவிட்டு, அதன்பின் வருவோரிடம் அனுப்பும் தேதியைச் சொல்லி முன்பதிவு மட்டும் பெற வேண்டும்.

இவ்வெல்லையை மீறும்போதுதான் விசைத்தறித் துணியை வாங்கி ஆர்டரை நிறைவு செய்துவிடலாம் என்னும் சபலம் பிறக்கிறது. அது சட்டத்திற்கும் மாறானது. 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி, குறியீட்டைப் பொய்யாகப் பயன்படுத்துவோருக்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம், புடவை, வேட்டி உள்ளிட்ட 11 வகைப் பொருள்களில் குறிப்பிட்ட தன்மை உடையவற்றைக் கைத்தறிக்கே ஒதுக்கியுள்ளது. இவற்றையெல்லாம் விடப் பெரிய இழப்பு, பரிந்துரைத்தவரின் சொல் பொய்யாவது. அவர் மீண்டும் பரிந்துரைக்கமாட்டார்.

யாரைப் பரிந்துரையாளராகச் சேர்ப்பது?

பின்தொடர்வோர் எண்ணிக்கையைப் பார்த்துச் சேர்ப்பதைவிட, துணியை அறிந்தவரைச் சேர்ப்பது மேலானது. கசவுப் புடவை உடுத்தி ஆடும் மோகினியாட்டக் கலைஞர்களும் அவர்தம் ஆசிரியர்களும், திருமண ஏற்பாட்டாளர்கள், சென்னை, பெங்களூரு, வளைகுடா நாடுகள் ஆகியவற்றில் ஓண விழா நடத்தும் சங்கத்தினர், கைத்தறி பற்றித் தொடர்ந்து எழுதுவோர் ஆகியோரும் இயல்பாகப் பொருந்துவர். இவர்களுள் இயன்றவரை ஒருமுறையேனும் தறியடிக்கு வரவழைத்து, பாவு நீட்டுவதையும் நாடா வீசுவதையும் காட்ட வேண்டும். கண்ணால் கண்டவர் சொல்லும் சொல்லுக்குத் தனி வலிமை உண்டு.

உண்மையான கதை தானே பரவும் என்பதற்குக் கேரளக் கைத்தறியிலேயே சான்று உள்ளது. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்துச் சேந்தமங்கலத்தில் விற்பனைக்கு இருந்த கைத்தறிப் புடவைகள் சேற்றில் ஊறிப் பாழாயின. அவற்றைத் தூய்மை செய்து ‘சேக்குட்டி’ என்னும் சிறு பொம்மைகளாக்கும் முயற்சியை லட்சுமி மேனன், கோபிநாத் பாறயில் ஆகிய இருவரும் தொடங்கினர். ஒரு புடவையிலிருந்து 360 பொம்மைகள். பொம்மை ஒன்று 25 ரூபாய். ஒரு புடவை 9,000 ரூபாய் ஈட்டியது. பொம்மை செய்தவர்களும் பரப்பியவர்களும் தன்னார்வலர்களே. கமிஷன் என்பது இத்தகைய நம்பிக்கைக்குச் செலுத்தும் நன்றிப் பங்கு மட்டுமே. நம்பிக்கைக்கு அது மாற்றாகாது.

எழுத்தில் இருக்க வேண்டியவை

பரிந்துரையாளருடன் ஒரு பக்க அளவில் ஓர் ஒப்பந்தம் போதும். அதில் பின்வருவன தெளிவாக இருத்தல் வேண்டும்.

கமிஷன் எந்தத் தொகையின்மீது கணக்கிடப்படும் என்பது முதலாவது. வரியும் கூரியரும் நீக்கிய விற்பனை விலையின்மீது எனக் குறிப்பிட வேண்டும். திருப்பி அனுப்பப்பட்ட பொருளுக்குக் கமிஷன் இல்லை என்பது இரண்டாவது. பணம் வழங்கும் நாள் மூன்றாவது. திருப்பி அனுப்பும் கெடு ஏழு நாள் எனில், கெடு முடிந்த விற்பனைகளை மட்டும் கூட்டி, அடுத்த மாதம் 10-ஆம் தேதி வழங்குவதாக வைத்துக்கொள்ளலாம். தம் கூப்பனில் தாமே வாங்குதல், கடையின் பெயரையே பயன்படுத்தி இணையத்தில் விளம்பரம் செய்தல், கூப்பன் திரட்டும் தளங்களில் குறியீட்டை வெளியிடுதல் ஆகியவை கூடா என்பது நான்காவது. இவை மூன்றும் ஏற்கெனவே வரவிருந்த வாடிக்கையாளருக்கே கமிஷன் கொடுக்கச் செய்யும் வழிகள். துணியைப் பற்றிக் கடை தரும் விவரத்திற்கு மேல் மிகைப்படுத்திக் கூறலாகாது என்பது ஐந்தாவது.

வெளிப்படைத் தன்மையும் வரியும்

பணமோ பரிசோ தள்ளுபடியோ பெற்றுக்கொண்டு ஒரு பொருளைப் பரிந்துரைப்பவர், அத்தொடர்பை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தவறான விளம்பரங்களைத் தடுக்கும் வழிகாட்டுநெறிகள் 2022 ஜூனிலும், சமூக ஊடகப் பரிந்துரையாளர்களுக்கான விளக்கம் 2023 ஜனவரியிலும் மத்திய அரசால் வெளியிடப்பட்டுள்ளன. பரிந்துரை எம்மொழியில் உள்ளதோ அம்மொழியிலேயே அறிவிப்பும் இருத்தல் வேண்டும். தமிழில் பேசிவிட்டு ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில் ஒரு சொல் இடுவது போதாது. ‘இது விளம்பரம், இவ்விணைப்பின் வழியே நீங்கள் வாங்கினால் எனக்குக் கமிஷன் கிடைக்கும்’ என்று நேராகச் சொல்லிவிடலாம். தவறான விளம்பரத்திற்கு 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு.

வரியைப் பொறுத்தவரை, கமிஷன் தொகையில் பொதுவாக மூலத்திலேயே வரி பிடித்தம் செய்ய வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் இதன் வீதம் 2 விழுக்காடு. ஒருவருக்கு ஓராண்டில் செலுத்தும் கமிஷன் 20,000 ரூபாயைக் கடந்தால் பிடித்தம் என்னும் வரம்பு 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தனிநபராகக் கடை நடத்துபவரின் முந்தைய ஆண்டு விற்பனை ஒரு கோடி ரூபாய்க்குள் இருந்தால் இக்கடமை இல்லை. கூட்டுறவுச் சங்கம், கூட்டு நிறுவனம், கம்பெனி ஆகியவற்றுக்கு இவ்விலக்கு இல்லை. பரிந்துரையாளரின் பான் எண்ணைத் தொடக்கத்திலேயே பெற்றுக்கொள்ள வேண்டும்.

எல்லைப்புறத்தில் கடை நடத்துவோர் கருத வேண்டிய இன்னொன்றும் உண்டு. பாலராமபுரத்திலிருந்து திருவனந்தபுரத்திற்கு அனுப்புவது மாநிலத்திற்குள் விற்பனை. களியக்காவிளையைத் தாண்டி மார்த்தாண்டத்திற்கு அனுப்புவது வெளிமாநில விற்பனை. வெளிமாநிலத்திற்குப் பொருள் விற்போர் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு பெற வேண்டும். சில கைவினைப் பொருள்களுக்குச் சலுகை உண்டு. தம் பொருள் எதில் அடங்கும் என்பதைக் கணக்காளரிடம் கேட்டுத் தெளிந்தபின் கூப்பன்களை வெளியிடுவது பாதுகாப்பானது.

நடைமுறை மூலதனமும் வங்கிக் கணக்கும்

மேற்கண்ட 120 புடவைகளைத் தயாராக வைக்க, ஒன்றிற்கு நூலும் கூலியுமாக 2,500 ரூபாய் வீதம், 3 லட்சம் ரூபாய் தேவை. கூலியை வாரந்தோறும் கொடுத்தாக வேண்டும்; விற்பனைப் பணமோ ஓணத்தை ஒட்டித்தான் வரும். இந்த இடைவெளியை நிரப்புவதற்கு உரியது நடைமுறை மூலதனக் கடன். முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரை ‘சிசு’, அதற்கு மேல் 5 லட்சம் வரை ‘கிஷோர்’, அதற்கு மேல் 10 லட்சம் வரை ‘தருண்’ என்னும் பிரிவுகள் உள்ளன. நெசவாளர்களுக்கென 6 விழுக்காடு வட்டியில் நெசவாளர் முத்ரா கடனும் உண்டு. 3 லட்சம் ரூபாயை நான்கு மாதங்களுக்கு இவ்வட்டியில் பெற்றால் வட்டி 6,000 ரூபாய். புடவை ஒன்றுக்கு 50 ரூபாய். இதையும் செலவுப் பட்டியலில் சேர்த்தபிறகே கமிஷனை முடிவு செய்ய வேண்டும். தகுதி, ஆவணங்கள், நடப்பு விதிகள் ஆகியவற்றைக் கிளையில் கேட்டறியலாம்.

கடைக்கெனத் தனி நடப்புக் கணக்கு தொடங்கி, விற்பனை வரவு அனைத்தும் அதில் வருமாறு செய்வது நல்லது. நிலுவையிலுள்ள கமிஷனை வேறொரு சேமிப்பில் ஒதுக்கி வைத்தால், பிறருக்குரிய பணத்தை நம்முடையதெனக் கருதிச் செலவிடும் நிலை நேராது. கமிஷனை ரொக்கமாகக் கொடாமல் வங்கி வழியே செலுத்தினால் வரிக்கும் சான்றாகும். அடுத்த ஆண்டு கடன் கேட்கும்போது விற்பனையின் உண்மை அளவைக் காட்டும் ஆவணமாகவும் அமையும். ஒழுங்கான ஓராண்டுக் கணக்கு, கடன் விண்ணப்பத்தில் பல பக்க விளக்கத்தைவிட அதிகம் பேசும்.

ஏமாறாதிருக்க

‘அஃபிலியேட் வேலை’ என்னும் பெயரில் மோசடிகளும் நடைபெறுகின்றன. சேர்வதற்குக் கட்டணம் கேட்பது, முதலில் சிறு தொகையைக் கமிஷனாகத் தந்து நம்பவைத்துப் பின்னர் பெருந்தொகையைச் செலுத்தச் சொல்வது, பணம் அனுப்புவதாகக் கூறி ஓ.டி.பி. எண்ணையோ யு.பி.ஐ. ரகசிய எண்ணையோ கேட்பது ஆகியவை இவற்றின் அடையாளங்கள். உண்மையான பரிந்துரை விற்பனையில் பரிந்துரையாளர் கடைக்குப் பணம் கட்டுவதில்லை. பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையும் இல்லை. ஏமாற்றப்பட்டதாக அறிந்தவுடன் 1930 என்னும் தேசிய இணையக் குற்ற உதவி எண்ணை அழைப்பதுடன் வங்கிக்கும் உடனே தெரிவிக்க வேண்டும்.

தொடங்குமுன் ஒரு தாள்

இக்கட்டுரையின் சாரத்தை ஒரே தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம். இணையத்தில் ஒரு புடவைக்கு மிஞ்சும் தொகை ஒரு வரி. மொத்த விற்பனையில் மிஞ்சும் தொகை அடுத்த வரி. இரண்டின் வேறுபாடு மூன்றாம் வரி. கமிஷனும் தள்ளுபடியும் சேர்ந்து அதனைத் தாண்டலாகாது. கூலியில் சேர்க்கவிருக்கும் தொகை நான்காம் வரி. இப்பருவத்தில் தறிகள் தரக்கூடிய புடவைகளின் எண்ணிக்கை ஐந்தாம் வரி.

இந்த ஐந்து வரிகளையும் நிரப்பியபின் மூன்று நான்கு பரிந்துரையாளர்களுடன் ஒரு பருவம் நடத்திப் பார்க்கலாம். பருவ முடிவில், வந்தவர்களுள் எத்தனை பேர் இரண்டாம் முறை வாங்கினர், எத்தனை புடவைகள் திரும்பி வந்தன, கூலி எவ்வளவு உயர்ந்தது என்று கணக்கெடுக்க வேண்டும். மூன்றும் நன்றாக இருந்தால் அடுத்த பருவத்தில் விரிவுபடுத்தலாம். இத்தாளைக் கையில் எடுத்துக்கொண்டு கிளைக்கு வந்தால், கடன் தேவையைக் கணக்கிடுவதும் எளிதாகும். அதிகாரிகள் உங்களுடன் அமர்ந்து எண்களைச் சரிபார்க்கக் காத்திருக்கின்றனர்.